பொய்த்தகவலுக்கு எதிரான வேலைக்கு அரச காசு பெறுவது எப்படி: ஜேர்மனியில் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கத்தின் வழி

2020 மார்ச்சில் ஒரு நாள் மாமியின் போனுக்குப் பதினொரு குரல்பதிவுகள் வந்தன. மாமி என்றால் என் கணவரின் அம்மா. அப்போது எழுபத்திரண்டு வயது, எங்களோடுதான் இருக்கிறார். ஒரு பதிவில், லண்டனில் டொக்டராக இருப்பதாகச் சொன்ன ஒருவர், உப்புப் போட்ட சுடுதண்ணியால் தொண்டையைக் கொப்பளித்தால் கொரோனாக் கிருமி அங்கேயே செத்துவிடும் என்று ஆறுதலாக விளக்கினார். மாமி அதைக் கோயில் குழுவுக்கு அனுப்பினார், தங்கச்சி குடும்பத்துக்கு அனுப்பினார், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணருக்கும் அனுப்பினார். அதே கிழமை சுகாதாரப் பகுதியின் துண்டுப்பிரசுரம் எங்கள் தபால் பெட்டியில் கிடந்தது. டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், பிறகு துருக்கி மொழியில், அரபியில். மாமிக்கு மூன்றும் வாசிக்க வராது.

எங்கள் வேலை தொடங்கியது அந்தப் பதினொரு பதிவுகளில் இருந்துதான். நாங்கள் மேற்கு ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு நகரத்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்துவிட்டு, பின்வரிசைக் கதிரைகளில் ஃபிளாஸ்க்கோடு காத்திருக்கும் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் பதிந்தோம். இதுவரை அரச காசு கேட்டு ஏழு விண்ணப்பங்கள் போட்டிருக்கிறோம். நான்கு கிடைத்தன, மூன்று திரும்பி வந்தன. வேறு நகரங்களில் இருந்து தமிழ் ஆட்கள் போன் எடுத்து "அக்கா, எப்படிச் செய்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒருமுறை முழுதாக எழுதிவிடுவது நல்லது.

முதலில், எதற்குக் காசு என்று ஒரு வசனத்தில் சொல்லுங்கள்

எங்கள் முதல் விண்ணப்பத்தின் முதல் வசனம் இது: "சமூக வலைத்தளங்களில் பரவும் பொய்ச் செய்திகளை எதிர்த்துத் தமிழ்ச் சமூகத்தில் விழிப்புணர்வை ஏற்படுத்துவோம்." அது நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது விண்ணப்பத்தில் இப்படி எழுதினோம்: "டொச் வாசிக்க முடியாத, ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட இருபத்தைந்து தமிழர்கள், ஆறு ஞாயிறுகளில், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்று தங்கள் போனிலேயே தேடிப் பார்க்கப் பழகுவார்கள்." அதற்குக் காசு வந்தது.

முதல் வசனத்தில் ஆள் இல்லை, இடம் இல்லை, முடிவு என்ன என்றும் தெரியாது. அதை வாசிக்கும் அதிகாரி நல்ல மனதோடு வாசித்தாலும் எதற்குப் புள்ளி போடுவது? இரண்டாவதில் அவர் ஒரு மண்டபத்தைப் பார்க்கிறார், அதில் இருபத்தைந்து கதிரைகளைப் பார்க்கிறார். வருட முடிவில் "பழகினார்களா?" என்று கேட்கவும் முடிகிறது. பொய்த்தகவலை ஒழிப்பது ஏழு பேர் கொண்ட ஒரு சங்கத்தால் நடக்கிற காரியம் இல்லை, அதைக் கேட்கவும் வேண்டாம். உங்களால் மட்டும் செய்யக்கூடியது எது என்று பாருங்கள். எங்களுக்கு அது மொழி. பெரிய நிறுவனங்களிடம் எல்லாம் இருக்கிறது, மாமியோடு தமிழில் கதைக்க ஆள் இல்லை.

சங்கமும் யாப்பும்

தனி ஆளாகக் கேட்டால் பெரும்பாலான திட்டங்களில் காசு கிடைக்காது. பதிவு செய்த சங்கம் வேண்டும். ஜேர்மன் சட்டப்படி பதிவுக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் தேவை. யாப்பை, அதாவது சங்கத்தின் விதிகளை எழுதி, கூட்டம் கூடி, நொத்தாரிசிடம் கையெழுத்தை உறுதிப்படுத்தி, உள்ளூர் நீதிமன்றமான அம்ட்ஸ்கெரிக்ட்டில் பதிய வேண்டும். அதன்பிறகு வரி அலுவலகமான பினான்ஸ்அம்ட் உங்களைப் பொதுநலச் சங்கமாக ஏற்க வேண்டும். யாப்பைப் பதிவதற்கு முன்னரே பினான்ஸ்அம்ட்டுக்கு அனுப்பி, "இந்த வசனங்கள் சரியா?" என்று கேட்டுவிடுங்கள். பதிந்தபின் ஒரு வசனத்தை மாற்றுவதென்றாலும் மீண்டும் பொதுக்கூட்டம், மீண்டும் நொத்தாரிஸ்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பொதுநல நோக்கங்கள் எவை என்று வரிச்சட்டத்தின் 52ஆம் பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் "பொய்த்தகவலை எதிர்ப்பது" என்று ஒன்று கிடையாது. மக்கள் கல்வி இருக்கிறது, ஜனநாயக அரசமைப்பை மேம்படுத்துவது இருக்கிறது. 2019 ஜனவரியில் கூட்டாட்சி நிதி நீதிமன்றம், உலகமயமாதலை விமர்சிக்கும் அட்டாக் அமைப்பின் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. மக்கள் கல்வி என்ற பெயரில் தன் சொந்த அரசியல் கோரிக்கைகளுக்கு ஆதரவு திரட்டுவதைப் பொதுநலம் என்று ஏற்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அட்டாக் அந்தத் தகுதியை இழந்தது. அதற்குப் பிறகு எல்லாச் சங்கங்களும் வசனங்களை எண்ணி எண்ணித்தான் எழுதுகின்றன. எங்கள் யாப்பில் "மக்கள் கல்வி, குறிப்பாக ஊடகங்களை விளங்கிப் பயன்படுத்தும் திறன்" என்று எழுதினோம். எந்தக் கட்சியின் பெயரும் இல்லை, எந்த நாட்டின் பெயரும் இல்லை.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் "தற்காலிகமாக" வைக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

பெரிய கதவில் தொடங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் செர்வ் என்ற திட்டம் இருக்கிறது. குடிமக்கள், சமத்துவம், உரிமைகள், விழுமியங்கள் என்ற பெயரில் 2021 முதல் 2027 வரை ஏறத்தாழ 1.55 பில்லியன் யூரோ அதற்கு ஒதுக்கினார்கள். பொய்த்தகவலுக்கு எதிரான வேலையும் அதன் அழைப்புகளில் வருகிறது. ஆனால் அங்கே குறைந்தபட்சத் தொகையே எழுபத்தைந்தாயிரம் யூரோ அளவில் தொடங்கும், வேறு நாட்டுப் பங்காளிகளும் தேவைப்படலாம், பத்து வீதத்தை நீங்களே போட வேண்டும். பொன் (Bonn) நகரத்தில் இருக்கும் செர்வ் தொடர்பு நிலையம் இலவசமாக ஆலோசனை சொல்லும். நான்கைந்து வருட அனுபவம் வந்தபின் அங்கே கேளுங்கள்.

நாங்கள் தொடங்கியது உள்ளூரில். டெமோக்ராட்டி லேபன், அதாவது "ஜனநாயகத்தை வாழ்வோம்" என்று ஒரு கூட்டாட்சித் திட்டம் 2015 முதல் நடக்கிறது. குடும்ப, இளைஞர் விவகாரங்களைப் பார்க்கும் அமைச்சின் காசு. அதன் கீழ் நாடு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட நகரங்களிலும் மாவட்டங்களிலும் பார்ட்னர்ஷாஃப்ட் என்ற உள்ளூர்க் கூட்டணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நகர நிர்வாகத்தில் ஒரு பொறுப்பு அலுவலகம், பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இயங்கும் ஒருங்கிணைப்பு நிலையம், யாருக்குக் காசு கொடுப்பது என்று முடிவெடுக்கும் ஒரு குழு. இளையோருக்குத் தனி நிதியும் உண்டு, அதை இளையோரே பங்கிடுவார்கள். உங்கள் நகரத்தின் பெயரோடு இந்தச் சொற்களைத் தேடினால் ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி இலக்கம் கிடைக்கும். விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன்னர் அந்த இலக்கத்துக்கு எடுங்கள். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் முதல் விண்ணப்பம் யாரோடும் கதைக்காமல் தபாலில் போனது. இரண்டாவதுக்கு முன்னர் ஒருங்கிணைப்பாளரோடு முக்கால் மணித்தியாலம் இருந்து கதைத்தேன். அவர் என் வரைவில் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டார், "இருபத்தைந்து பேர் என்று எழுதுங்கள்" என்று சொன்னதும் அவர்தான். இப்படி உதவுவது அவருடைய வேலை. தயங்காதீர்கள்.

எங்களைப் போல நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சில இடங்கள் உண்டு. தனி நகரம், மாவட்டம் என்று எல்லா இடத்திலும் குடிவந்தோருக்கான நகர ஒருங்கிணைவு நிலையங்கள் இருக்கின்றன, மொத்தம் 54. சின்னத் தொகைகளுக்கு அங்கே முதலில் கேட்கலாம். குடிவந்தோர் சங்கங்களுக்கு மாநில அரசு கொடுக்கும் காசைப் பற்றி பாரிட்டேட்டிஷர் என்ற நலச்சங்கக் கூட்டமைப்பின் ஆலோசகர்கள் சொல்லித்தருவார்கள், யாப்பையும் பார்த்துத் தருவார்கள். மாநில அரசியல் கல்வி நிலையமும் இருக்கிறது. நோய்ஸ்ட்ரேலிட்ஸ் நகரில் 2020இல் தொடங்கிய தன்னார்வப் பணிக்கான அறக்கட்டளை கூட்டாட்சி அரசின் காசில் சின்னச் சங்கங்களுக்கு உதவுகிறது. ஒரு ப்ரொஜெக்டர், ஒரு மடிக்கணினி என்றால் அங்கே பாருங்கள்.

காசு இல்லாமல் அறிவைத் தரும் இடங்களும் உண்டு. கொரெக்டிவ் என்ற செய்தியாளர் நிறுவனம் எங்கள் பக்கத்து எஸ்ஸன் நகரத்தில்தான் பிறந்தது, அவர்களிடம் தகவல் சரிபார்ப்புக்கென்று தனிக் குழுவே இருக்கிறது. ஜேர்மனிக்கும் ஒஸ்ற்றியாவுக்கும் பொதுவான கட்மோ என்ற பொய்த்தகவல் கண்காணிப்பு மையத்தை டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது. அங்கே வெளியாகும் சரிபார்ப்புகளை எடுத்து, எங்கள் ஆட்களுக்கு விளங்கும் தமிழில் சொல்வதே ஒரு வேலைதான். விண்ணப்பத்தில் "இந்த ஆதாரங்களைப் பயன்படுத்துவோம்" என்று எழுதினால், நீங்கள் தனியாக நின்று எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லப்போவதில்லை என்பது குழுவுக்கு விளங்கும்.

காசுக் கணக்கு

கருத்தைப் பலரும் நன்றாக எழுதுகிறார்கள், கணக்கில்தான் வழுக்குகிறார்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் திட்டத்தின் கணக்கை அப்படியே தருகிறேன். பயிற்சியாளருக்கு ஆறு நாள், நாளுக்கு 250 யூரோ, மொத்தம் 1,500. தமிழில் ஒரு சிறு கைநூல் எழுதித் திருத்த 600. அச்சுக்கு 480. மண்டப வாடகை ஆறு நாளுக்கு 360. தேநீரும் சிற்றுண்டியும் 240. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 300. பயணம் 120. கூட்டினால் 3,600 யூரோ. அதில் 300 யூரோவை உறுப்பினர் சந்தாவில் இருந்து போட்டோம், 3,300 கேட்டோம்.

பிள்ளைப் பராமரிப்பை ஏன் போட்டீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் அம்மம்மாமார் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், பிள்ளைகளுக்கு ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் வரமாட்டார்கள் என்று சொன்னோம். அந்தப் பதில் குழுவுக்குப் பிடித்திருந்தது என்று பின்னர் கேள்விப்பட்டேன். கணக்கில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு மனிதரைக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். காட்ட முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.

எந்த முறையில் காசு தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். பல இடங்களில் "குறைநிரப்பு" முறைதான். உங்கள் செலவில் இருந்து உங்கள் சொந்தக் காசையும் மற்ற வருமானத்தையும் கழித்து, மிச்சக் குறையை மட்டும் நிரப்புவார்கள். நடுவில் ஒரு கடைக்காரர் 200 யூரோ நன்கொடை தந்தால், அந்த 200 உங்கள் கைக்கு வந்த லாபமாக இராது, அரசு தரும் காசில் குறையும். ஆகவே நன்கொடை வரும் என்று தெரிந்தால் முதலிலேயே கணக்கில் எழுதுங்கள்.

பயணச் செலவுக்குக் கூட்டாட்சிப் பயணச் சட்டத்தைப் பின்பற்றச் சொல்வார்கள். சொந்தக் காரில் போனால் சாதாரணமாகக் கிலோமீட்டருக்கு 20 சென்ட்தான். பயிற்சியாளருக்குக் கொடுக்கும் காசு அவருடைய வரிக்கணக்கில் வரும். பக்கவேலையாகக் கற்பிப்பவருக்கு வருடம் 3,000 யூரோ வரை வரி இல்லாமல் இருந்தது, 2026இல் இருந்து அது 3,300. இதை அவருக்கு முன்னரே சொல்லி, அவர் வேறு சங்கத்திலும் இதே சலுகையைப் பயன்படுத்துகிறாரா என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

குழுவுக்கு முன்னால் பத்து நிமிடம்

சில நகரங்களில் கடிதத்தோடு முடியும். எங்கள் நகரத்தில் கூப்பிட்டார்கள். நீள்சதுர மேசை, பதினைந்து பேர். நகரசபை ஆட்கள், பள்ளி அதிபர், தேவாலயத்தில் இருந்து ஒருவர், பள்ளிவாசலில் இருந்து ஒருவர், இளையோர் மன்றத்துப் பெண்பிள்ளை ஒன்று. நான் ப்ரொஜெக்டர் கொண்டுபோகவில்லை. மாமியின் போனைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோனேன். அந்த லண்டன் டொக்டரின் குரலை இருபது விநாடி போட்டுக் காட்டினேன். யாருக்கும் தமிழ் விளங்காது. ஆனால் அந்தக் குரலில் இருந்த ஆறுதல் விளங்கியது. பிறகு அதை டொச்சில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு, ஏன் மக்கள் நம்புகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வந்த முதல் கேள்வி: "இதைத் தமிழில் செய்வதைவிட அவர்கள் டொச் படிப்பது நல்லதல்லவா?" இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும், கோபப்படாதீர்கள். எண்பதுகளில் போரைவிட்டு ஓடி வந்து, முப்பது வருடம் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலையிலும் நின்றவர்கள், படிக்க நேரமும் கிடைக்கவில்லை, அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பதாரருக்கு மொழி வகுப்பும் கொடுக்கவில்லை என்று சொன்னேன். டொச் வகுப்பையும் ஆதரிக்கிறோம். ஆனால் பொய் இன்றைக்கு வருகிறது.

இரண்டாவது கேள்வி சிக்கலானது. சங்கத்துக்கும் ஈழ அரசியலுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். விடுதலைப் புலிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. அரச காசு கொடுப்பவர் அதைக் கேட்கத்தான் செய்வார், கேட்காவிட்டாலும் இணையத்தில் தேடுவார். எங்கள் குடும்பங்களில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், கார்த்திகையில் விளக்கேற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. சங்கத்தின் கணக்கும் சங்கத்தின் நிகழ்ச்சியும் யாப்பில் எழுதிய கல்வி வேலைக்கு மட்டும், வேறு எதற்கும் பயன்படாது, கணக்குப் புத்தகம் இதோ என்று சொன்னேன். நேராகச் சொன்னால் நேராக எடுத்துக்கொள்கிறார்கள். மழுப்பினால் சந்தேகம் வரும். அப்புறம் எந்தக் கைநூலும் அதைப் போக்காது.

இன்னொன்றும் கேட்பார்கள்: எது பொய் என்று யார் முடிவெடுப்பது? எங்கள் பதில், நாங்கள் முறையைக் கற்பிக்கிறோம், தீர்ப்பைச் சொல்வதில்லை. இந்தப் படம் முதலில் எப்போது வந்தது, இந்தக் குரலுக்குப் பெயர் உண்டா, இந்தச் செய்தி வேறு எங்காவது இருக்கிறதா. ஜேர்மன் அரசியல் கல்வியில் 1976இல் இருந்து பொய்ட்டெல்ஸ்பாக் உடன்பாடு என்று ஒன்று இருக்கிறது. கேட்பவர் மேல் கருத்தைத் திணிக்காதே, வெளியில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்டு, கேட்பவர் தன் நிலைமையைத் தானே ஆராய உதவு என்ற மூன்று விதிகள். இதை விண்ணப்பத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். அதோடு உண்மையாகவே கடைப்பிடியுங்கள். எங்கள் வகுப்பில் ஓர் அண்ணை இலங்கைத் தேர்தல் பற்றிய ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து "இது பொய் என்று சொல்லுங்கோ" என்றார். அது கருத்து, பொய் இல்லை. அன்றைய முழு வகுப்பும் அந்த வித்தியாசத்திலேயே போனது, போனதில் எனக்குச் சந்தோசம்தான்.

அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்

இது எங்களுக்கு 212 யூரோவுக்குப் படிப்பித்த பாடம். குழு சம்மதித்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் போனில் சொன்னார். நாங்கள் அன்றே பிரசுரத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். எழுத்துமூல அனுமதிக் கடிதம் பதினாறு நாள் கழித்து வந்தது. அச்சுப் பற்றுச்சீட்டின் திகதி அதற்கு முந்தியது, ஆகவே அந்தச் செலவை ஏற்கவில்லை. அவசரம் என்றால் "முன்கூட்டித் தொடங்க அனுமதி" என்று எழுத்தில் கேட்கலாம், கிடைத்தபின் தொடங்கலாம். வாய்ச்சொல் போதாது. அதைவிட, அந்தப் பிரசுரத்தில் திட்டத்தின் சின்னமும் இல்லை, "இது அமைச்சின் கருத்து அல்ல" என்ற வசனமும் இல்லை. இரண்டும் கட்டாயம், அச்சுக்கு முன் அவர்களிடம் காட்டி ஒப்புதலும் வாங்க வேண்டும். முழுவதையும் மறுபடி அடித்தோம்.

கூட்டாட்சிக் காசென்றால் கடிதத்தோடு பொது நிபந்தனைகள் என்று சில பக்கங்கள் இணைந்து வரும். சலிப்பாக இருந்தாலும் வாசியுங்கள். ஒரு செலவுவரி இருபது வீதம் வரை கூடலாம், ஆனால் அதை வேறு வரியில் மிச்சம்பிடித்து ஈடுகட்ட வேண்டும். எடுத்த காசை ஆறு கிழமைக்குள் செலவழிக்க வேண்டும், ஆகவே முழுவதையும் ஒரேயடியாகக் கேட்காமல் தேவைக்கேற்ப எடுங்கள். டிசம்பர் 31 வந்தால் அந்த வருடக் காசு முடிந்தது. நவம்பர் மாத வகுப்புக்கு யாருக்காவது காய்ச்சல் வந்தால் மாற்று நாள் தேட இடம் இருக்காது, ஒக்டோபருக்குள் முடிக்கிற மாதிரித் திட்டமிடுங்கள்.

பற்றுச்சீட்டுகள். எங்கள் பொருளாளர் அக்கா ஒரு மருத்துவமனையில் இரவுவேலை செய்பவர். வீட்டுக்கு வந்ததும் ஒரு பச்சைக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு சீட்டையும் ஏ4 தாளில் ஒட்டி, பக்கத்தில் என்ன, யாருக்கு, எந்த வகுப்புக்கு என்று எழுதுவார். கடைச் சீட்டுகள் வெப்பத்தாளில் வருபவை, சில மாதத்தில் வெளிறி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஆகவே வாங்கிய அன்றே பிரதி எடுத்துச் சேர்த்து ஒட்டுவார். அதே சீட்டில் வீட்டுக்கு வாங்கிய பால் இருந்தால் ஏற்கமாட்டார், தனியாக வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார். எல்லோருக்கும் முதலில் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வருடம் நகரத்தில் இருந்து கணக்குப் பார்க்க வந்தார்கள். அந்தக் கோப்பைப் புரட்டி அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். ஐந்து வருடம் இவற்றை வைத்திருக்க வேண்டும்.

இந்தக் காசு எப்போதும் இருக்குமா

இருக்கும் என்று நினைத்து ஆள் எடுக்காதீர்கள். இந்த வேலைக்கு நிலையான சட்ட அடித்தளம் தருவதற்காக ஒரு ஜனநாயக மேம்பாட்டுச் சட்ட வரைவை 2022 டிசம்பரில் அமைச்சரவை ஏற்றது. பாராளுமன்றத்தில் அது நிறைவேறவே இல்லை. 2025 பெப்ரவரியில், தேர்தலை ஒட்டி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் அரச காசு பெறும் அமைப்புகளின் அரசியல் நடுநிலை பற்றிப் பாராளுமன்றத்தில் அரசிடம் 551 கேள்விகளை எழுத்தில் கேட்டன. கேள்விக்கு உள்ளான அமைப்புகளில் கொரெக்டிவும் இருந்தது. அதன்பின் வந்த அமைச்சர் கரின் பிரீன் இந்தத் திட்டத்தையே மாற்றியமைக்கப்போவதாகச் சொன்னார். ஆகவே விண்ணப்பிக்கும் முன் அந்த வருடத்து விதிகளையே வாசியுங்கள், போன வருடத்துப் படிவத்தை நகல் எடுக்காதீர்கள்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. வருடத்துக்கு வருடம் முடியும் காசில் நம்பிக்கையைக் கட்டுவது கடினம், வயதானவர்கள் ஒருவரைப் பழகி நம்பவே ஆறு மாதம் எடுக்கிறார்கள். பிறகு நாங்கள் செய்தது, பயிற்சியாளருக்கும் அச்சுக்கும் மட்டும் அரச காசு, மண்டபத்தைக் கோயில் நிர்வாகத்திடம் இலவசமாகக் கேட்பது, தேநீரைச் சந்தாக் காசில் போடுவது. ஒரு பக்கம் நின்றாலும் ஞாயிறு வகுப்பு நிற்காது.

எங்கள் ஆட்களிடமும் ஒரு பயம் இருக்கிறது. "அரசாங்கக் காசு வாங்கி எங்கட போனைப் பார்க்கப் போறீங்களோ?" என்று முதல் வகுப்பிலேயே ஒருவர் கேட்டார். ஊரில் கண்காணிப்புக்குள் வாழ்ந்தவர் கேட்கும் கேள்வி அது. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் காசு யார் தருகிறார்கள், எவ்வளவு, அவர்களுக்கு நாங்கள் என்ன அனுப்புகிறோம் என்று சொல்கிறோம். வருகைத்தாளில் கையெழுத்து மட்டும். போன் இலக்கம் வாங்குவதில்லை, யாருடைய போனையும் நாங்கள் கையில் எடுப்பதும் இல்லை, அவரே அழுத்த வேண்டும். இதைக் கடைப்பிடிக்கலாமா என்று காசு தருபவரிடம் முன்னரே கேட்டு எழுத்தில் வாங்கினோம்.

அறிக்கையில் நடந்ததை எழுதுங்கள்

திட்டம் முடிந்ததும் செலவுக் கணக்கும், என்ன நடந்தது என்ற அறிக்கையும் கொடுக்க வேண்டும். கூட்டாட்சி விதிப்படி அதிகபட்சம் ஆறு மாதம், உள்ளூரில் இதைவிடக் குறுகிய தவணை வைப்பார்கள். முதல் வருடம் அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது, எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதத்தான் கை போனது. நடந்தது அதுவல்ல. கடைசி வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒரு படத்தை அழுத்திப் பிடித்து அது முன்னர் எங்கே வந்தது என்று தேடச் சொன்னோம். பதின்மூன்று பேருக்கு வந்தது. ஒன்பது பேருக்கு வரவில்லை. விரல் நடுங்குகிறது, எழுத்துச் சின்னதாக இருக்கிறது, போன் பேரனின் பழைய போன், அதில் இடம் இல்லை. மாமியும் அந்த ஒன்பது பேரில் ஒருவர்.

அப்படியே எழுதினோம், ஒன்பது என்ற எண்ணையும் காரணங்களையும். இரண்டு கிழமை கழித்து ஒருங்கிணைப்பாளர் போன் எடுத்தார். அடுத்த வருடத்துக்கு வகுப்பு வேண்டாம், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்து சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஏதாவது எழுத முடியுமா என்று கேட்டார். அதிலிருந்து வந்ததுதான் புதன்கிழமை மேசை. மாலை நான்கு முதல் ஆறு வரை, கோயில் மண்டபத்தின் பின் அறையில் மூன்று மேசை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், ஒரு பை நிறையப் பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடிக்கு விண்ணப்பத்தில் தனி வரி போட்டோம், எட்டு வாங்க 64 யூரோ. ஒரு கேள்வியும் கேட்காமல் தந்தார்கள்.